நடுக்கடலில் ஒரு மின்நிலையம்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நமக்குக் கடல் முற்றிலும் அந்நியமானதன்று. அது நம் காலடியிலேயே கல்லாகிக் கிடக்கின்றது. அரியலூரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் நத்தைபோற் சுருண்ட அம்மோனைட் கல்லுருக்களும் கடற்சிப்பிகளும் இன்றும் வெளிப்படுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் படுத்திருக்கும் கல்மரம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தால் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு மணலிற் புதையுண்டு கல்லானது என்பர். 1940-ல் அதனைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். அந்தக் கடல் விலகிப்போய் எத்தனையோ காலமாயிற்று. ஆயினும், வெங்காயமும் பருத்தியும் விளையும் இந்த வானம் பார்த்த பூமியிலிருந்தும் பிள்ளைகள் சிலர் அதனைத் தேடிச் செல்கின்றனர். பாலிடெக்னிக்கிலோ பொறியியற் கல்லூரியிலோ பயின்று, பின்னர்க் கப்பற் பயிற்சியும் பெற்று, எஞ்சின் அறையிற் பணியேற்கின்றனர்.

"என் மகன் கப்பலில் இருக்கிறான்" என்று சொல்லும் தாயிடம், "அங்கே என்ன வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ மிஷின் வேலையாம்" என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். அந்த 'மிஷின் வேலை' யாது, அதில் ஒரு சிறு கவனக்குறைவு எதுவரை கொண்டுசெல்லும் என்பதைக் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். ஏனெனில், நள்ளிரவில் அலாரம் ஒலித்தவுடன் கட்டிலைவிட்டு எழுந்து ஓடும் அந்த மகனின் கைகளில் இருபது பேரின் உயிரும், சில வேளைகளில் ஓர் ஊரின் பாலமும் இருக்கக்கூடும். இது மிகைப்படக் கூறியதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கப்பலில் இரு வகை எஞ்சின்கள் உள்ளன. கப்பலை உந்திச் செலுத்துவது பெரிய எஞ்சின். அதன் உயரமே பல மாடி வீட்டுக்குச் சமம். அதன் அருகே, அளவிற் சிறியனவாக, மூன்று அல்லது நான்கு டீசல் எஞ்சின்கள் நிற்கும். அவையே ஜெனரேட்டர்கள். விளக்கும் சமையலறையும் மட்டுமே அவற்றை நம்பியிருப்பதாக எண்ணிவிடக் கூடாது. பெரிய எஞ்சினுக்கு எண்ணெயும் நீரும் செலுத்தும் பம்புகள், சுக்கானைத் திருப்பும் பம்புகள், திசைகாட்டும் கருவிகள் ஆகிய யாவும் மின்சாரத்தாலேயே இயங்குகின்றன. ஜெனரேட்டர் நின்றால் சற்று நேரத்தில் பெரிய எஞ்சினும் நிற்கும், சுக்கானும் அசையாது. ஒரு லட்சம் டன் எடையுள்ள இரும்புக் கட்டி, எவர் சொல்லையும் கேளாமல் தன் வேகத்திலேயே மிதந்து செல்லும்.

கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் வைத்து நீர் இறைத்த தலைமுறை நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றது. டீசல் எஞ்சினின் குணம் அவர்களுக்குத் தெரியும். காற்றை அழுத்திச் சூடாக்கி, அதனுள் எண்ணெயைப் புகையாய்ப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இறங்கும், சக்கரம் சுழலும். கப்பல் ஜெனரேட்டரும் அதே கொள்கையினதே. ஆனால், பெரிய கொள்கலக் கப்பலில் அத்தகைய ஒன்று இரண்டாயிரம், மூவாயிரம் கிலோவாட் மின்சாரம் தரும். கைப்பிடியைச் சுழற்றி அதனை இயக்க முடியாது. தொட்டியில் அழுத்தி வைத்த காற்றைச் செலுத்தியே கிளப்ப வேண்டும்.

கிளப்புமுன் செய்ய வேண்டியவை பல. மசகு எண்ணெயின் அளவைக் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். அந்த எண்ணெயை முன்கூட்டியே பம்பால் செலுத்தி எல்லாத் தாங்கிகளையும் நனைப்பார்கள். பின்னர் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலுமுள்ள சிறு குழாயைத் திறந்து, எண்ணெய் கொடாமல், காற்றால் மட்டும் எஞ்சினை ஓரிரு சுற்றுச் சுழற்றுவார்கள். அக்குழாயில் நீர் தெறித்தால் உள்ளே எங்கோ விரிசலோ கசிவோ உண்டு என்று பொருள். நீரை அழுத்திச் சுருக்க முடியாது. அதை அறியாமல் கிளப்பினால் இரும்புத் தண்டே வளைந்துவிடும். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். அதனை விட்டுவிடத் தூண்டும் அவசரமும் அதே சில நிமிடங்களுக்காகவே.

எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் அதன் உடல்நிலையைக் கவனிப்பது, காய்ச்சற்காரப் பிள்ளையின் அருகே தாய் அமர்ந்திருப்பது போன்றது. ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளிவரும் புகையின் வெப்பம் தனித்தனியே குறிக்கப்படுகின்றது. வேலைப்பளுவுக்கேற்ப அது 350 முதல் 450 டிகிரி வரை இருக்கலாம். எல்லாம் சேர்ந்து ஏறினால் பாரம் கூடிற்று எனலாம். ஒன்று மட்டும் தனித்து ஏறினால் அந்தச் சிலிண்டரில் எண்ணெய் பீய்ச்சும் இன்ஜெக்டரோ, புகை வெளியேறும் வால்வோ பழுதாகி வருகின்றது எனப் பொருள். மசகு எண்ணெயின் அழுத்தம், குளிர்விக்கும் நீரின் வெப்பம், டர்போவின் வேகம், வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு எனக் குறிக்க வேண்டியவை இன்னும் உள. இக்காலக் கப்பல்களில் கணினித் திரை இவற்றையெல்லாம் காட்டிவிடும். இரவில் எஞ்சின் அறையை ஆளின்றி விட்டு, அலாரத்தைக் கடமைப் பொறியாளரின் அறைக்குத் திருப்பிவிடும் வழக்கமும் உண்டு. ஆயினும் ஒரு குழாயின் நடுக்கத்தையோ எண்ணெய்ச் சொட்டையோ திரை காட்டாது. நேரில் சென்று, கையால் தொட்டு, காதால் கேட்டு அறிய வேண்டியவை இன்னமும் இருக்கின்றன.

மணிக்கணக்கும் மனச்சான்றும்

எஞ்சினின் வயது ஆண்டுகளால் அன்று, அது ஓடிய மணிகளால் கணக்கிடப்படுகின்றது. சில நூறு மணிக்கொருமுறை வடிகட்டி. இரண்டாயிரம், மூவாயிரம் மணிக்கொருமுறை இன்ஜெக்டர். பன்னிரண்டாயிரம், பதினாறாயிரம் மணிக்குப் பின் பிஸ்டனையே வெளியே எடுத்துச் செய்யும் பெரும்பழுது. இவ்வெல்லைகள் தயாரிப்பாளரின் கைநூலுக்கேற்ப மாறும். பல கப்பல்களில் ஜெனரேட்டர்கள் மூன்றாம் பொறியாளரின் பொறுப்பு. அவர் பெரும்பாலும் முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர்.

வால்வுக்கும் அதனைத் தள்ளும் கைக்கும் இடையே மில்லிமீட்டரின் பத்தில் சில பங்கு இடைவெளி இருக்க வேண்டும். மெல்லிய தகட்டை நுழைத்து அதனை அளப்பார்கள். கூடினால் தட்டும் ஒலி எழும், வால்வு முழுதும் திறவாது. குறைந்தால் வால்வு முழுதும் மூடாமல் கருகிப்போகும். பிஸ்டனைத் தண்டுடன் பிணைக்கும் போல்ட்டுகளோ இன்னும் கண்டிப்பானவை. அவற்றைக் கைநூல் சொல்லும் அழுத்தத்துக்கே இறுக்க வேண்டும். குறித்த காலம் ஓடிய பின், பார்வைக்குப் புதிதாகவே இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். சரியாக இறுக்கப்படாத ஒரு போல்ட் அறுந்தால், பிணைப்புத் தண்டு எஞ்சினின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சூடான எண்ணெய் தெறித்துத் தீப்பிடிக்கும்.

எஞ்சினின் அடிவயிற்றுக் கதவைத் திறப்பதிலும் ஒரு நியமம் உண்டு. உள்ளே ஏதேனும் தாங்கி சூடேறியிருந்தால் எண்ணெய் ஆவியாகி மூடுபனிபோல் நிறைந்திருக்கும்; உடனே கதவைத் திறந்தால் வெளிக்காற்றும் சேர்ந்து வெடிக்கலாம். ஆகவே எஞ்சினை நிறுத்திய பின் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 1947 செப்டம்பர் 11-ஆம் நாள், 'ரெய்னா டெல் பசிஃபிகோ' என்ற பயணிகள் கப்பல் வட அயர்லாந்துக் கடலில் வெள்ளோட்டம் விடப்பட்டபோது, இத்தகைய வெடிப்பால் 28 பேர் மாண்டனர். இன்று கப்பல் எஞ்சின்களின் பக்கவாட்டில் வெடிப்பின் அழுத்தத்தை வெளிவிட்டு உடனே மூடிக்கொள்ளும் கதவுகளைக் காணும்போது, அந்த 28 பேரை நினைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். இங்கேதான் ஒரு சோதனை உள்ளது. துறைமுகத்தில் இரவெல்லாம் வேலை. கடலில் கப்பல் ஆடும் ஆட்டத்தில் உறக்கமில்லை. நாளை ஆய்வாளர் வரப்போகிறார். பதினாறு வால்வுகளில் நான்கை மட்டும் அளந்துவிட்டு, மற்றப் பன்னிரண்டுக்கும் பொருத்தமான எண்களை எழுதிவிட்டால் எவர் கண்டார்? காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். உலகெங்கும் கப்பல் வாழ்வை அறிந்தோர் இந்தப் பழக்கத்தையும் அறிவர். என் எண்ணத்தில், பழுதான எஞ்சினைவிட ஆபத்தானது பழுதில்லை என்று பொய்யாக எழுதப்பட்ட எஞ்சினே. முன்னதை அடுத்து வருபவர் கண்டு திருத்தலாம். பின்னதை அவர் நம்பிவிடுவார்.

பால்டிமோரில் நான்கு நிமிடங்கள்

2024 மார்ச் 26. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து 'டாலி' என்னும் கொள்கலக் கப்பல் கொழும்புவை நோக்கிப் புறப்பட்டது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், 2015-ல் கட்டப்பட்டது, சிங்கப்பூர்க் கொடி. கப்பலிலிருந்த 21 பணியாளரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். வழிகாட்டிகள் இருவர் உடனிருந்தனர்.

இரவு 1.25 மணி. எதிரே 1977-ல் திறக்கப்பட்ட பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம். அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இருக்கையில் கப்பலின் விளக்குகள் யாவும் அணைந்தன. பெரிய எஞ்சின் தானே நின்றது. ஒரு நிமிடத்துக்குள் பணியாளர்கள் மின்துண்டிப்பான்களைக் கையால் இணைத்து ஒளியை மீட்டனர். பாலத்துக்கு இன்னும் சில நூறு மீட்டரே இருக்கையில் மீண்டும் இருள் கவிந்தது. இம்முறையும் மின்சாரத்தை மீட்டனர். ஆனால் பெரிய எஞ்சினை மீண்டும் கிளப்பக் காலம் இல்லை. வழிகாட்டிகள் ஆபத்துச் செய்தி அனுப்ப, காவலர்கள் விரைந்து பாலத்தின் இருமுனையிலும் போக்குவரத்தை நிறுத்தினர். அதனால் பலர் பிழைத்தனர். 1.29-க்குக் கப்பல் தூணில் மோதியது. பாலம் ஆற்றில் விழுந்தது. பாலத்தின் மேல் இரவு வேலையாகச் சாலைப் பள்ளங்களைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த தொழிலாளர் அறுவர் இறந்தனர். மெக்சிக்கோ, குவாதமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். கடைசி உடல் கிடைக்க மே 7 ஆயிற்று.

பாலம் வீழ்வது என்றால் என்ன என்பதை அரியலூர் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23-ல் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைய, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டதும், பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்ததும் இம்மண்ணின் நினைவில் உள்ளவை.

பால்டிமோரில் முதல் இருள் வந்தது எதனால்? அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆராய்ந்து, 2025 நவம்பரில் முடிவை அறிவித்தது. காரணம் ஒற்றைக் கம்பி. மின்பலகையில் ஒவ்வொரு கம்பியின் முனையிலும் அடையாள எழுத்துப் பொறித்த சிறு உறை மாட்டப்பட்டிருக்கும். ஒரு கம்பியில் அந்த உறை முனைக்கு மிக அருகே தள்ளி மாட்டப்பட்டிருந்தது. அதனால் கம்பி தன் குழியில் முழுதும் நுழையாமல், நுனியால் மட்டும் பற்றிக்கொண்டிருந்தது. வெளிப்பார்வைக்கு அது மற்றக் கம்பிகளைப் போலவேதான் தோன்றும். அது நழுவியவுடன் மின்துண்டிப்பான் திறந்துகொண்டது.

இரண்டாம் இருளின் கதை, ஜெனரேட்டரைப் பராமரிப்போர் மறவாமற் படிக்க வேண்டியது. ஓடிக்கொண்டிருந்த இரு ஜெனரேட்டர்களுக்கும் அப்போது எண்ணெய் செலுத்தியது, குழாய்களைக் கழுவுவதற்கென அமைந்த ஒரு பம்பு. வழக்கமான எண்ணெய்ப் பம்பு நின்றால் துணைப் பம்பு தானே கிளம்பும். மின்சாரம் போய் வந்தாலும் மீண்டும் இயங்கும். கழுவும் பம்புக்கு அந்த ஏற்பாடு இல்லை. முதல் இருளில் அது நின்றது, நின்றதுதான். குழாயில் எஞ்சியிருந்த எண்ணெய் தீர்ந்ததும் ஜெனரேட்டர்கள் தளர்ந்தன. அன்றாடம் வேலை நடந்துகொண்டிருந்தமையால், அந்தக் குறுக்குவழி குறுக்குவழியாகவே எவருக்கும் தோன்றவில்லை போலும்.

அதற்கு முந்திய நாள் துறைமுகத்திலேயே இருமுறை மின்சாரம் நின்றிருந்தது என்பதும் விசாரணையில் வெளிவந்தது. பராமரிப்பின்போது ஒருவர் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரின் புகைவழியைத் தவறுதலாக அடைத்துவிட, மூச்சுத் திணறி அது நின்றது. நம் பிள்ளைகள்மீதே எல்லாப் பழியையும் சுமத்துவதும் நேர்மையன்று. மோதலுக்கு முன் கப்பலில் இருந்தோர் காலந்தாழ்த்தாது செயற்பட்டனர் என்றே வாரியம் கூறியது. பாலத்தின் தூண்களுக்குத் தக்க காப்பு உண்டா என முன்னரே மதிப்பிடாத குறையையும் அது சுட்டிக்காட்டியது. மேலும், மின்பலகைகளில் தளர்ந்த இணைப்பு சூடேறுவதை அகச்சிவப்புக் கருவியாற் காணும் சோதனையை வழக்கமான பராமரிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

விபத்துக்குப் பின் கப்பலிலிருந்தோர் பல வாரங்கள் கரையிறங்க இயலாமல் அதிலேயே தங்க நேர்ந்தது. விசாரணையாளர்கள் அவர்களுடைய கைத்தொலைபேசிகளையும் எடுத்துச் சென்றனர். வீட்டாரின் குரலைக் கேட்கவும் வழியற்றிருந்த அந்நாட்களில், அத்துறைமுகத்தின் கடலோடிகள் பணியகத்தாரும் திருச்சபையின் கடலோடிகள் பணிக்குழுவினரும் அவர்களுக்கு உதவி புரிந்தனர். 1920-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தோன்றிய அப்பணிக்குழு, இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்', அதாவது கடலின் விண்மீன், என்னும் பெயரில் உலகின் பல துறைமுகங்களில் இயங்குகின்றது. ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறு கடலோடிகள் ஞாயிறாக அனுசரிக்கப்படுகின்றது. கடற்கரைப் பங்குகளுக்கு மட்டுமே உரியது அந்நாள் என்று நாம் கருதிவிடுகிறோம். பெரம்பலூர்த் தாய்க்கும் அது உரியதே.

பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர்க்குச் சில சொற்கள். பயிற்சி நிலையம் இந்தியக் கப்பற்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதைச் சேருமுன் பாருங்கள். வேலைக்கு எடுக்கும் முகவர் அந்த இயக்குநரகத்தின் உரிமம் பெற்றவராயிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் பெறுவதைப் பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடுக்கின்றது. நிலத்தை அடகு வைத்து லட்சங்களைக் கொடுத்துவிட்டு, எந்தக் கப்பலும் இல்லாமற் காத்திருப்பது கொடுமை. பத்தாம் வகுப்புத் தேறியோர்க்கும் எஞ்சின் அறைத் தொழிலாளராகும் வழி உண்டு. மின்னியல் கற்றோர்க்குக் கப்பல் மின் அலுவலர் என்ற தனிப்பதவியும் உண்டு. டாலியின் கம்பியைப் பற்றி அறிந்த பின், அப்பதவியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

மகன் பேசும்போது, "சம்பளம் வந்ததா?" என்பதோடு, "உறங்கினாயா?" என்றும் கேளுங்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாட்களில் குறைந்தது 77 மணி ஓய்வு அவனுக்குச் சட்டப்படி உரியது. அந்த ஓய்வையும் காகிதத்தில் மட்டும் எழுதிவிடும் கப்பல்கள் இருக்கின்றன. உறங்காத கண்தான் அளக்காத எண்ணை எழுதத் துணிகின்றது.

கப்பல்களில் அவசரகால ஜெனரேட்டர் ஒன்றும், எஞ்சின் அறைக்கு வெளியே, மேல்தளத்தில் தனியே இருக்கும். மின்சாரம் நின்றால் 45 விநாடிக்குள் அது தானே கிளம்பிப் பாரத்தை ஏற்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. வாரந்தோறும் அதனை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். இதை எழுதுகையில், ஏலாக்குறிச்சி போன்ற திருத்தலமாயினும் சிற்றூர்க் கிளைப்பங்காயினும், ஆலயத்தின் பின்புறக் கொட்டகையில் நிற்கும் ஜெனரேட்டர்களும் நினைவுக்கு வருகின்றன. திருவிழாவுக்குத் திருவிழா மட்டும் துணியை விலக்கி, தேர்பவனி புறப்படும் நேரத்தில் கிளப்ப முயன்றால் எப்படி? பேட்டரி இறங்கியிருக்கும், டீசலில் நீர் சேர்ந்திருக்கும், கம்பியை எலி கடித்திருக்கும். வாரம் ஒருமுறை, சிறிது பாரத்துடன், கால்மணி நேரமாவது ஓட்டுங்கள். தொட்டியின் அடியிலுள்ள நீரை வடியுங்கள். மூடிய அறைக்குள் மட்டும் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை; உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

ஒப்பந்தம் முடிந்து மூன்றாம் பொறியாளர் வீடு திரும்பும் நாளில், அவருக்குப் பதிலாக வருபவர் துறைமுகத்தில் ஏறுவார். இருவரும் எஞ்சின் அறைக்கு இறங்கி ஒவ்வொரு ஜெனரேட்டராகச் சுற்றி வருவர். எது எத்தனை மணி ஓடியது, எந்தச் சிலிண்டரின் வெப்பம் சற்று ஏறி நிற்கின்றது, பெட்டியில் எத்தனை இன்ஜெக்டர் மிச்சம், எந்தக் கசிவைத் தற்காலிகமாகக் கட்டி வைத்திருக்கின்றது என்பவற்றை முன்னவர் சொல்லச் சொல்லப் பின்னவர் குறித்துக்கொள்வார். இறுதியில் ஒப்படைப்புத் தாளில், செய்து முடித்த வேலைகளின் கீழே, முடிக்க இயலாமற் போன வேலைகளையும் ஒவ்வொன்றாக எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே, அவர் தம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுவார்.